தூரத்து நடுக்கத்துக்கு மெதுவான ஊசல்

2009 செப்டம்பர் 30 அன்று, நம் மலேசிய நேரப்படி மாலை 6.16-க்கு, சுமாத்திராவின் பாடாங் நகருக்கு அருகே 7.6 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டது. அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். அந்த இடத்துக்கும் மலாக்காவின் புக்கிட் காத்திலுக்கும் இடையே ஏறக்குறைய 420 கிலோமீட்டர். நடுக்கத்தின் முதல் அலை இந்தத் தூரத்தைக் கடக்க ஒரு நிமிடம் போதும். அடுத்த அலை அதற்கு முக்கால் நிமிடம் பின்னால் வரும். கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் உயரமான கட்டடங்களில் இருந்தவர்கள் தளம் ஆடுவதை உணர்ந்து கீழே இறங்கி ஓடிவந்தார்கள். தரை வீடுகளில் இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் தெரியாது.

ஒரே நிலம், ஒரே அலை. மேலே இருந்தவருக்குத் தெரிந்தது கீழே இருந்தவருக்குத் தெரியாமல் போயிற்று. இதற்கான காரணம் புரிந்துவிட்டால், வீட்டிலேயே ஒரு நிலநடுக்கமானியை எப்படிக் கட்டுவது, கட்டியதை எப்படிச் சுருதி சேர்ப்பது என்ற இரண்டுமே விளங்கிவிடும். பெரிய ஆய்வகம் தேவையில்லை. ஓர் அலுமினியக் குழாய், மூன்று கிலோ எடைக்குண்டு, கிட்டார் கம்பி, சில காந்தங்கள், செப்புக் கம்பிச் சுருள், பொறுமை ஆகியவை இருந்தால் போதும். இடைநிலைப்பள்ளி மாணவர்கள் இருவர் சேர்ந்தால் செய்து முடித்துவிடலாம்.

நமக்கு வந்து சேரும் நடுக்கம்

நிலத்தடிப் பாறை உடையும்போது வேகமான அதிர்வும் மெதுவான அதிர்வும் கலந்தே புறப்படுகின்றன. நொடிக்கு ஐந்து முறை, பத்து முறை என்று அதிரும் வேகமான அலைகள் பாறைக்குள் போகப்போகத் தேய்ந்துவிடும். ஒருமுறை போய்த் திரும்பவே பத்து, இருபது நொடி எடுக்கும் மெதுவான அலைகள் பெரிதாக வலுவிழக்காமல் பல நூறு கிலோமீட்டர் தாண்டிவரும். ஆகவே தூரத்திலிருந்து நமக்கு வருவது பெரும்பாலும் மெதுவான அசைவுதான்.

இருபது மாடிக் கட்டடம் ஒன்று ஆடித் திரும்ப ஏறக்குறைய இரண்டு நொடி எடுக்கும். தூரத்து அலையில் அந்த நிதானத்துக்கு ஒத்த அசைவுகள் மிச்சம் இருப்பதால் கட்டடம் அதற்கு இசைந்து ஆடுகிறது. ஒரு மாடி வீட்டுக்கு அந்த நிதானம் கிடையாது. அது தரையோடு சேர்ந்து அப்படியே நகர்ந்துவிட்டுத் திரும்பும், உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. கடலோரத்து மென்மையான களிமண் இத்தகைய மெதுவான அசைவை இன்னும் பெரிதாக்கும்.

இந்தத் தூரத்து நடுக்கங்கள் நமக்குப் புதியவை அல்ல. சுமாத்திராவின் முதுகெலும்பு நெடுக 1,900 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பிளவு ஓடுகிறது. அத்தீவின் மேற்குக் கடலில் ஒரு புவித்தட்டு மற்றொன்றின் கீழே நுழைந்துகொண்டிருக்கிறது. 2004 டிசம்பர் 26-இல் அங்கே 9.1 அளவில் உடைந்த பகுதியின் நீளம் ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர். அதில் எழுந்த சுனாமி மலேசியாவில் 68 பேரின் உயிரைப் பறித்தது. லங்காவித் தீவே ஏறத்தாழ 17 சென்டிமீட்டர் இடம்பெயர்ந்தது. 2005 மார்ச் 28-இல் நியாஸ் தீவில் 8.6, 2007 செப்டம்பர் 12-இல் பெங்கூலு அருகே 8.4, 2022 பிப்ரவரி 25-இல், புக்கிட் காத்திலிலிருந்து ஏறக்குறைய 330 கிலோமீட்டர் தள்ளி, மேற்குப் பசாமானில் 6-ஐச் சற்றே தாண்டிய நடுக்கம். இவற்றின் மெதுவான அலைகள் எல்லாமே புக்கிட் காத்திலின் தரையைக் கடந்துதான் போயிருக்கின்றன.

நம் கருவிக்கான முதல் விதி இதிலிருந்தே பிறக்கிறது: தூரத்து நடுக்கத்தைப் பிடிக்க மெதுவான ஊசல் வேண்டும்.

ஊசலும் வாயிற்கதவும்

நிலம் நகரும்போது அதன்மேல் நிற்கும் மேசை, சுவர், ஆள் எல்லாமே கூடவே நகர்கின்றன. அந்த நகர்வை அளக்க, நகராத புள்ளி ஒன்று வேண்டும். தொங்கவிட்ட கனமான குண்டு அந்த வேலையைச் செய்கிறது. தரை விலகினாலும் குண்டு தன் நிலைமத்தால் கொஞ்ச நேரம் பழைய இடத்திலேயே நிற்கும். அந்தக் ‘கொஞ்ச நேரம்’ எவ்வளவு என்பதை ஊசலின் அலைவு நேரம், அதாவது அது ஒருமுறை போய்த் திரும்பும் நேரம், முடிவு செய்கிறது. நில அலையின் நேரம் இதைவிடக் குறைவாக இருந்தால் குண்டு நிற்கும், நிலம் மட்டும் அசையும், வித்தியாசத்தை அளந்துவிடலாம். நில அலை ஊசலைவிட மெதுவாக இருந்தால் குண்டும் நிலத்தோடு சேர்ந்து போய்விடும், அளக்க அதிகம் மிஞ்சாது.

சுமாத்திராவிலிருந்து வரும் மேற்பரப்பு அலைகளுக்கு 15 முதல் 20 நொடி அலைவு நேரம் கொண்ட ஊசல் பொருத்தம். சாதாரணமாகத் தொங்கும் ஊசலில் இது நடக்காது. 75 சென்டிமீட்டர் நீள ஊசல் 1.7 நொடியில் போய்த் திரும்பிவிடும். 20 நொடி வேண்டுமானால் ஊசலின் நீளம் ஏறக்குறைய 100 மீட்டர் இருக்கவேண்டும். மலாக்கா நகரத்துத் தாமிங் சாரி கோபுரத்தின் மொத்த உயரமே 110 மீட்டர்தான்.

இதற்கு ஒரு வழி நம் வீட்டு வாயிலிலேயே இருக்கிறது. வாயிற்கதவின் கீல்கள் இரண்டும் நேர்செங்குத்தாக ஒன்றன்மேல் ஒன்று இருந்தால், கதவைத் திறந்து எங்கே விட்டாலும் அங்கேயே நிற்கும். மேல் கீல் சிறிதளவு முன்னால் சாய்ந்திருந்தால், கதவு மெதுவாக நகர்ந்து ஓரிடத்துக்கு வந்து சேரும். சாய்வு குறையக் குறைய அதன் அசைவு மேலும் மெதுவாகும். இந்தக் கதவைப்போலவே கிடையாக அசையும்படி ஒரு கையை அமைத்து அதன் முனையில் குண்டை வைத்தால், 75 சென்டிமீட்டர் கையே 100 மீட்டர் ஊசலின் நிதானத்தோடு அசையும். இதற்குக் கிடை ஊசல் என்று பெயர்.

இந்த உத்திக்கு நீண்ட வரலாறு உண்டு. ஜெர்மனியைச் சேர்ந்த எர்ன்ஸ்ட் ஃபான் ரெபாய்ர்-பாஷ்விட்ஸ், சந்திர ஈர்ப்பால் நிலம் சாயும் நுண்ணிய அளவை அறியக் கிடை ஊசல்களை வைத்திருந்தார். 1889 ஏப்ரல் 17-இல் போட்ஸ்டாமில் இருந்த ஊசல் வழக்கத்துக்கு மாறான அசைவைப் பதிந்தது. அதே நாளில் ஜப்பானில் நிலம் நடுங்கிய செய்தியை அவர் பின்னர் படித்து இரண்டையும் பொருத்திப் பார்த்தார். உலகின் மறுபக்கத்து நடுக்கத்தை ஒரு கருவி பதிந்ததாக மனிதர் அறிந்த முதல் நிகழ்ச்சி அது. ஜப்பானில் பல ஆண்டுகள் பணியாற்றிய ஆங்கிலேயர் ஜான் மில்ன், கிடை ஊசல் கருவியை உலகமெங்கும் பரப்பினார். 1897-ஆம் ஆண்டு அஸ்ஸாம் நிலநடுக்கத்துக்குப் பிறகு இந்தியாவிலும் அவர் கருவிகள் வந்தன. 1899-இல் கோடைக்கானல் ஆய்வகத்தில் ஒன்று நிறுவப்பட்டது. அமெரிக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் லேமன் வீட்டில் செய்யத்தக்க எளிய வடிவம் ஒன்றை அமைத்தார். 1979 ஜூலை மாதச் ‘சயின்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் அது வெளியான பிறகு, உலகம் முழுவதும் ஆர்வலர்கள் அதைச் செய்துவருகிறார்கள். கீழே சொல்லப்படுவதும் அந்த வழிவந்ததுதான்.

கட்டுவது

முதலில் அடித்தளம். கனமான அலுமினியம் அல்லது இரும்புச் சட்டங்களை, ஒரு குறுக்குச் சட்டத்தின் நடுவிலிருந்து ஒரு நீளச் சட்டம் போகும்படி இணைக்கவும். குறுக்குச் சட்டம் 40 சென்டிமீட்டர், நீளச் சட்டம் 80 சென்டிமீட்டர். குறுக்குச் சட்டத்தின் இரு முனைகளிலும் ஒவ்வொன்று, நீளச் சட்டத்தின் முனையில் ஒன்று என மூன்று திருகுகளே இதன் கால்கள். ஆறு மில்லிமீட்டர் திருகு போதும். அதன் புரியிடை ஒரு மில்லிமீட்டர் என்பதால் ஒரு முழுச் சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டர் ஏறும் அல்லது இறங்கும். இந்தக் கணக்கு பிறகு மிகவும் உதவும்.

குறுக்குச் சட்டமும் நீளச் சட்டமும் சேரும் இடத்தில் ஒரு தூணை நிறுத்தவும். தூண் அசையக்கூடாது, இரு பக்கமும் முட்டுக் கொடுப்பது நல்லது. தூணின் அடியில் கையின் சுழல்முனை வரும். அதற்கு மேலே 40 சென்டிமீட்டர் உயரத்தில், நேர்செங்குத்தாக, கம்பி கட்டும் புள்ளி. கம்பியின் மறுமுனை குண்டுக்கு அருகே கையைத் தாங்கும்.

கைக்கு அலுமினியக் குழாய் அல்லது பித்தளைக் கம்பி எடுங்கள். இரும்பு வேண்டாம், காந்தங்கள் அதை இழுக்கும். குண்டுக்கும் இதே விதிதான்: ஈயம், பித்தளை இரண்டும் நல்லவை. மூன்று கிலோ குண்டைத் தாங்கும் கம்பியில் ஏறக்குறைய ஆறரைக் கிலோ எடைக்குச் சமமான இழுவிசை இருக்கும். 0.4 மில்லிமீட்டர் உருக்குக் கிட்டார் கம்பி அதைச் சிரமமின்றித் தாங்கும். நைலான் கயிறு நாளுக்கு நாள் நீளும், அதைத் தவிர்க்கவும்.

கருவியின் உயிர் இருப்பது சுழல்முனையில். கை தூணை முட்டும் இடத்தில் உராய்வு இருந்தால், நுண்ணிய அசைவுகள் அங்கேயே செத்துவிடும். பழைய தாங்கியிலிருந்து எடுத்த உருக்குக் கோலி ஒன்றைக் கையின் முனையில் பொருத்தி, தூணில் ஒட்டிய கடினமான தட்டைப் பரப்பின்மேல் அது சாயும்படி செய்யலாம். பட்டறைகளில் தேய்ந்து ஒதுக்கப்பட்ட கார்பைடு வெட்டுமுனைத் துண்டு அந்தப் பரப்புக்கு மிகப் பொருத்தம். நம் ஊர் ஈரப்பதத்தில் சாதாரண உருக்கு சில வாரங்களில் துருவேறும். துருவேறிய முனையில் ஊசல் விக்கி விக்கி நகரும். கோலியும் துருப்பிடிக்காத உருக்காக இருப்பது நல்லது.

தரையும் பெட்டியும்

கருவியை மாடியில் வைக்கக்கூடாது. கீழ்த்தளத்தில், நிலத்தின்மேல் நேரடியாக வார்த்த சிமெண்டுத் தரையில் வைக்கவும். ஆடும் ஓடுகளைத் தட்டிப்பார்த்து ஒதுக்குங்கள். ஒவ்வொரு திருகின் கீழும் சிறு உருக்குத் தகடோ தடித்த கண்ணாடித் துண்டோ வைத்தால் திருகு தரையில் புதையாது. துணிதுவைக்கும் இயந்திரம், குளிர்பெட்டி, தண்ணீர்ப் பம்பு ஆகியவற்றிலிருந்து தள்ளி, அதிகம் நடமாட்டமில்லாத சாமான் அறை மூலை உகந்தது. பிற்பகல் வெயில் படும் சுவர் வேண்டாம். வெயிலில் சுவர் விரியும்போது தரையும் நுட்பமாகச் சாயும். மலாக்காவின் ஆயர் குரோ பக்கம் நெடுஞ்சாலையை ஒட்டிக் குடியிருப்பவர்கள், சாலைக்கு எதிர்ப்புற அறையைத் தேர்ந்தெடுக்கலாம்.

பிறகு மூடி. மெதுவான ஊசலை மின்விசிறிக் காற்று எளிதில் தள்ளிவிடும். நம் வீடுகளில் விசிறி நாள் முழுவதும் சுழல்வதால் மூடியின்றி ஒரு மணி நேரப் பதிவுகூடச் சரியாக வராது. ஒட்டுப்பலகையில் பெட்டி செய்து, உட்புறம் பாலிஸ்டைரின் தட்டுகளை ஒட்டி, இடுக்குகளை நாடாவால் அடைக்கவும். பார்வையிட ஒரு பக்கம் அக்ரிலிக் தகடு வைக்கலாம். உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டு, அவ்வப்போது மாற்றுங்கள். எறும்பும் சிலந்தியும் நுழையாமல் பார்ப்பது அழகுக்காக அல்ல: கைக்கும் சட்டத்துக்கும் இடையே ஓடும் ஒற்றைச் சிலந்தி இழை ஊசலின் அலைவு நேரத்தையே மாற்றிவிடும்.

அலைவு நேரத்தைச் சரிப்படுத்துதல்

இனித்தான் உண்மையான வேலை தொடங்குகிறது. சுழல்முனையையும் மேற்புள்ளியையும் சேர்க்கும் கோடு குண்டின் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ, அதுவே அலைவு நேரத்தைத் தீர்மானிக்கும். சாய்வை நான்கில் ஒரு பங்காகக் குறைத்தால் அலைவு நேரம் இரு மடங்காகும். 75 சென்டிமீட்டர் கைக்கு, 10 நொடி வேண்டுமானால் சாய்வு 1.7 டிகிரி, 15 நொடிக்கு 0.77 டிகிரி, 20 நொடிக்கு 0.43, 30 நொடிக்கு வெறும் 0.19.

இதைத் திருகின் கணக்கில் பார்ப்போம். அடித்தளம் நீர்மட்டமாக இருக்கும்போது சாய்வு பூச்சியம். நீளச் சட்டத்தின் முனையில் உள்ள திருகை 24 மில்லிமீட்டர் இறக்கினால் 10 நொடி கிடைக்கும். அங்கிருந்து 15 நொடிக்குப் போக, திருகை ஏறக்குறைய 13 சுற்று ஏற்றவேண்டும். 15-இலிருந்து 20-க்கு ஐந்து சுற்றுகூட வேண்டாம். 20-இலிருந்து 30-க்கு மூன்று சுற்றும் கொஞ்சமும். அதற்கு மேல் மூன்று சுற்றுக்குள் கோடு நேர்செங்குத்தாகிவிடும். அதையும் தாண்டினால் கை நடுவில் நிற்க மறுத்து ஏதாவது ஒரு பக்கம் போய்ச் சாய்ந்துகொள்ளும். அலைவு நேரம் கூடக்கூட ஒவ்வொரு சுற்றின் விளைவும் எப்படிப் பெருகுகிறது என்று பாருங்கள். அதனால்தான் 10 நொடியில் தொடங்கி, அளந்து, அதன் பின் சிறிது சிறிதாக ஏறவேண்டும்.

அளப்பது எளிது. அடுத்த பகுதியில் வரும் தணிப்புக் காந்தங்கள் இல்லாமல், குண்டை ஐந்து மில்லிமீட்டர் விலக்கி விடவும். ஐந்து முழு அலைவுகளுக்கான நேரத்தைக் கைத்தொலைபேசிக் கடிகாரத்தில் எடுத்து ஐந்தால் வகுக்கவும். பெரிய அலைவுக்கும் சிறிய அலைவுக்கும் நேரம் கணிசமாக மாறினால், எங்கோ உராய்வு இருக்கிறது, அல்லது இரும்புத் துண்டு ஒன்று காந்தத்தின் அருகில் இருக்கிறது, அல்லது கம்பி எதிலோ உரசுகிறது. அதைக் கண்டுபிடித்துத் தீர்த்த பிறகே மேலே போகவேண்டும். மாற்றம் செய்த ஒவ்வொரு முறையும் தரையும் சட்டமும் அமைதியடைய ஓர் இரவு விடுங்கள்.

குண்டை நடுவில் நிறுத்துவது பக்கத் திருகுகளின் வேலை. 20 நொடியில் நிற்கும் ஊசலில், ஒரு பக்கத் திருகைப் பத்தில் ஒரு பங்கு சுற்று திருப்பினாலே குண்டு ஏறக்குறைய இரண்டரைச் சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். ஆகவே அந்தத் திருகின் தலையில் ஒரு நீண்ட கைப்பிடியை இறுக்கிவைத்தால் மிகச் சிறிதாகத் திருப்ப முடியும். இந்தக் கூர்மையை இன்னொரு விதமாகவும் சொல்லலாம். ஒரு கிலோமீட்டர் நீளப் பலகையின் ஒரு முனையை ஒரு மில்லிமீட்டர் உயர்த்தினால் எவ்வளவு சாயுமோ, அவ்வளவு சாய்வு தரையில் ஏற்பட்டாலும் நம் குண்டு பத்தில் ஒரு மில்லிமீட்டர் நகரும். பக்கத்தில் ஓர் ஆள் நின்றாலும், பலத்த மழையில் நிலம் ஊறினாலும் ஊசல் நடுவிலிருந்து விலகுவது இதனால்தான். முதல்முறை செய்பவர்கள் 15 நொடியில் நிறுத்திக்கொண்டால், மழைக்காலத்திலும் கருவி தன் இடத்தில் நிற்கும். 30 நொடி ஆசை வேண்டாம். நம் தட்பவெப்பத்தில் அந்த ஊசல் அடிக்கடி நடுவை விட்டு ஒரு பக்கம் போய்விடும்.

தணிப்பு

தணிப்பு இல்லாத ஊசல் ஒருமுறை தட்டினால் நெடுநேரம் ஆடிக்கொண்டே இருக்கும். அப்போது பதிவில் இருப்பது நிலத்தின் அசைவா, ஊசலின் சொந்த ஆட்டமா என்று பிரித்தறிய முடியாது. மில்னின் கருவிக்கு இருந்த பெருங்குறையே இது. 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜெர்மனியின் எமில் வீகெர்ட் தணிப்பைச் சேர்த்த பிறகே பதிவுகள் தெளிவு பெற்றன.

கையின் முனையில் இரண்டு அல்லது மூன்று மில்லிமீட்டர் தடிப்புள்ள செப்பு அல்லது அலுமினியத் தகடு ஒன்றைப் பொருத்துங்கள். அதன் இரு பக்கமும், தொடாமல், வலுவான நியோடைமியம் காந்தங்களைச் சட்டத்தில் நிறுத்துங்கள். தகடு நகரும்போது அதற்குள் மின்னோட்டச் சுழல்கள் உண்டாகி அந்த நகர்வையே எதிர்க்கும். நகர்வு நின்றால் எதிர்ப்பும் நின்றுவிடும். உராய்வுக்கு இல்லாத நல்ல குணம் இது. காந்தங்களை நெருக்கினால் தணிப்பு கூடும், விலக்கினால் குறையும். இவை விரலை நசுக்கும் வலிமை கொண்டவை என்பதால் சிறுவர்கள் தனியாகக் கையாளக்கூடாது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் அருகில் வரக்கூடாது.

எவ்வளவு தணிப்பு சரி? குண்டைப் பத்து மில்லிமீட்டர் விலக்கி விடுங்கள். அது நடுவைத் தாண்டி மறுபக்கம் அரை மில்லிமீட்டர் மட்டும் போய்த் திரும்பி நின்றுவிட்டால் அதுவே சரியான அளவு. ஐந்து மில்லிமீட்டர் தாண்டினால் தணிப்பு மிகக் குறைவு. நடுவைத் தாண்டாமலே நெடுநேரம் ஊர்ந்து வந்தால் மிக அதிகம். அலைவு நேரத்தை மாற்றினால் தணிப்பும் மாறும். ஆகவே முதலில் அலைவு நேரம், அடுத்து தணிப்பு என்ற வரிசையை விடாதீர்கள்.

அசைவைப் பதிதல்

கையில் ஒரு செப்புக் கம்பிச் சுருளையும், சட்டத்தில் அதற்கான காந்தத்தையும் பொருத்தினால், அசைவின் வேகத்துக்கு ஏற்ற மின்னழுத்தம் கிடைக்கும். 0.1 மில்லிமீட்டர் இனாமல் கம்பியில் சில ஆயிரம் சுற்றுகள் வேண்டும். சுருளிலிருந்து வரும் கம்பிகளைச் சுழல்முனைக்கு அருகே தளர்வாக வெளியே எடுத்தால் அவை ஊசலை இழுக்காது. தூரத்து நடுக்கத்தில் தரை நொடிக்கு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு வேகத்தில்தான் நகரும். சுருளில் கிடைப்பது மைக்ரோவோல்ட் கணக்கில் இருக்கும். அதனால் இரைச்சல் குறைந்த பெருக்கி ஒன்றால் அதைச் சில நூறு மடங்கு பெருக்கவேண்டும். நொடிக்கு ஐந்து அலைவுக்கு மேற்பட்டவற்றை வடிகட்டிவிட்டால், வீட்டு மின்சாரத்தின் 50 அலைவு முணுமுணுப்பும் சேர்ந்து போய்விடும்.

பிறகு ஏடிஎஸ்1115 போன்ற, மின்னழுத்தத்தை எண்களாக்கும், 16 பிட் துல்லியமுள்ள மலிவான மாற்றி ஒன்றின் வழியாக ஈஎஸ்பி32 அல்லது ராஸ்பெர்ரி பை கணினிக்கு அனுப்பலாம். நொடிக்கு 32 அளவீடுகள் தாராளம். பள்ளிகளுக்காக ஆக்கப்பட்ட ஜமாசெய்ஸ் என்ற இலவச மென்பொருள் ஒரு நாள் பதிவைத் திரையில் வரிவரியாகக் காட்டும். கணினியின் கடிகாரம் இணையத்தோடு தானாக ஒத்துப்போகும்படி அமைக்க மறக்காதீர்கள். நேரம் தவறான பதிவால் பயனில்லை. உலகப் பட்டியல்கள் கிரீன்விச் நேரத்தில் இருக்கும். அதோடு எட்டு மணி நேரம் கூட்டினால் நம் நேரம்.

பதிவைப் படிப்பது

கருவி சரியாக வேலை செய்கிறதா என்று அறிய நிலநடுக்கம் வரும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. பெருங்கடல் அலைகள் ஓயாமல் நிலத்தை அழுத்துவதால், 4 முதல் 8 நொடி அலைவுள்ள மெல்லிய அசைவு உலகம் முழுவதும் எப்போதும் இருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு, ஊர் அடங்கிய நேரத்தில், உங்கள் பதிவில் இந்த ஏற்றஇறக்கம் ஒழுங்காகத் தெரிந்தால் ஊசல் சுருதியில் இருக்கிறது என்று பொருள். தென்சீனக் கடலில் வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அதைத் தேடிப் பாருங்கள்.

லோரி, மோட்டார் சைக்கிள், காலடி ஓசை ஆகியவை கூர்மையான குறுகிய முள்களாகத் தெரியும். சில நொடிகளில் முடிந்துவிடும். நிலநடுக்கத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் சிறிய முதன்மை அலை, பிறகு சற்றுப் பெரிய இரண்டாம் அலை, அதன்பின் நிதானமாக வளரும் மேற்பரப்பு அலைகள். முதல் இரண்டுக்கும் இடைப்பட்ட நொடிகளை எண்ணினால் தூரம் தெரியும். நூறு கிலோமீட்டருக்குள் என்றால் நொடியை எட்டால் பெருக்குங்கள். சுமாத்திராத் தூரத்துக்கு ஒன்பதால். பாடாங் நடுக்கத்தில் அந்த இடைவெளி ஏறக்குறைய 45 நொடி. பெருக்கினால் 400 கிலோமீட்டரை ஒட்டி வருகிறது.

கை எந்தத் திசையை நோக்குகிறது என்பதும் முக்கியம். ஊசல் தன் கைக்குக் குறுக்கான அசைவை மட்டுமே அறியும். சுமாத்திராவின் அச்சே மாநிலம் நமக்கு ஏறத்தாழ மேற்கே இருக்கிறது. அங்கிருந்து வரும் அலை பக்கவாட்டில், அதாவது வடக்கு தெற்காக, உலுக்குவதைக் கிழக்கு மேற்காகக் கிடக்கும் கை நன்றாகப் பிடிக்கும். பெங்கூலு ஏறத்தாழ நேர் தெற்கே. அதன் பக்கவாட்டு அசைவுக்கு வடக்கு தெற்காகக் கிடக்கும் கை வேண்டும். வசதி இருந்தால் இரண்டையும் செங்கோணத்தில் வைத்துக்கொள்ளலாம்.

இந்த ஊசலின் எல்லையையும் தெரிந்துகொள்ளவேண்டும். 2025 ஆகஸ்ட் 24 காலை ஜொகூரின் சிகாமாட் அருகே 4.1 அளவில் ஒரு நடுக்கம் ஏற்பட்டது. மலாக்காவின் சில பகுதிகளிலும் உணரப்பட்டது. புக்கிட் காத்திலிலிருந்து அது ஏறக்குறைய 70 கிலோமீட்டர்தான். இவ்வளவு அருகில் என்றால் நொடிக்குப் பலமுறை அதிரும் வேகமான அலைகள் தேயாமலே வந்து சேரும். 15 நொடி ஊசலும் அதற்கான வடிகட்டியும் அவற்றைக் குறைத்தே காட்டும். அருகில் நடப்பதையும் அறிய விரும்புவோர், நொடிக்கு 4.5 அலைவுக்கு மேல் நன்றாக உணரும் ஜியோஃபோன் ஒன்றைப் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளவேண்டும். வேகமானதற்கு வேகமான கருவி, மெதுவானதற்கு மெதுவான கருவி.

எதற்காக இதைச் செய்யவேண்டும்?

வீட்டு ஊசல் எச்சரிக்கை மணி அல்ல. நடுக்கத்தின் இடத்தையும் அளவையும் அறிவிப்பதும் சுனாமி எச்சரிக்கை தருவதும் மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் பொறுப்பு. நாம் நம்பவேண்டியது அதன் அறிவிப்பைத்தான். நம் ஊசல் தருவது அறிவு. தன் கையால் கட்டிய கருவியில், தான் எண்ணிய நொடிகளிலிருந்து, பாடாங்குக்கும் தன் பள்ளிக்கும் உள்ள தூரத்தைக் கணக்கிட்டுவிட்ட மாணவிக்கு, அலை, நிலைமம், அதிர்வு என்ற பாடங்களை யாரும் மனப்பாடம் செய்விக்கத் தேவையில்லை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியின் அறிவியல் கழகமோ தாமானில் உள்ள இளைஞர் மன்றமோ இதைக் கையில் எடுத்தால், ஆண்டு முழுவதும் நடக்கும் ஓர் ஆய்வே அவர்களுக்குக் கிடைத்துவிடும்.

‘மலேசியாவில் நிலநடுக்கம் கிடையாது’ என்று நம்மில் பலர் இன்னும் நம்புகிறோம். 2015 ஜூன் 5-இல் சபாவின் ரானாவ் நடுக்கத்தில் கினபாலு மலையில் 18 பேர் இறந்தார்கள். 2017-இல் நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டட வடிவமைப்புக்கான தேசிய விதித்தொகுப்பு இந்நாட்டுக்கு வந்தது. நம் உயரமான குடியிருப்புகள் எந்த அலையால் ஆடுகின்றன என்று தெரிந்தவர்கள், அவை எப்படிக் கட்டப்பட்டிருக்கின்றன என்று கேட்கவும் கற்றுக்கொள்வார்கள்.

சுமாத்திரா மறுபடியும் அசையும். எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்கு முன்பே 10 நொடியில் தொடங்கி, 15-க்குக் கொண்டுவந்து, தணிப்பைச் சரிபார்த்து, நேரத்தைச் சரியாக வைத்து, ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு ஒரு குறிப்பேட்டில் எழுதிவாருங்கள். நல்ல பதிவு நிலநடுக்க நாளில் கிடைப்பது; அதற்கான தகுதியைக் கருவி பெறுவது ஒன்றும் நடக்காத சாதாரண நாட்களில்.